தை முதல் நாள் எல்லோருக்கும் தெரியும்: விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் அதிகாரிகளுக்கும், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ-வில் கட்டணக் கோப்புகளைப் பார்ப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஷார்ஜாவில் கட்டுமானப் பொருள் விற்கும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சொந்த ஊர் பரமக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் வெளிநாட்டில் பிழைப்பவரைச் சபுராளி என்பார்கள். சபுராளி ஊருக்கு வருகிறான் என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். அந்த வருகை எப்படி நடக்கிறது என்பது மட்டும் தெருவுக்குத் தெரியாது. உங்களுக்கும் முழுதாகத் தெரிந்திருக்காது என்ற நம்பிக்கையில்தான், பண்டிகை நேரத்து விமான டிக்கெட் விலையைப் பற்றி இதை எழுதுகிறேன்.

தொழிலாளர்கள் சேர்ந்து தங்கும் எங்கள் கேம்ப்பில் டிக்கெட் போட்டுக் கொடுப்பவன் நான். என்னிடம் கார்டு இருக்கிறது, ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் வரும் நிபந்தனைகளைப் படிக்கவும் தெரியும் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் முப்பது நாற்பது பேருக்காவது பார்க்கிறேன். இரவு பதினொரு மணிக்குச் சாப்பாடு முடிந்ததும் என் கட்டிலைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்துவிடுவார்கள். நான் தேதியைத் தட்டுவேன், அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். தொகையை வாய்விட்டுச் சொல்வதற்கு இப்போதெல்லாம் எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

இந்தப் பொங்கலுக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். செப்டம்பரில் மதுரைக்கு ஒரு வழி டிக்கெட் 430 திர்ஹம் காட்டியது. ஜனவரி 11ஆம் தேதிக்கு அதே தடத்தை டிசம்பர் நடுவில் பார்த்தபோது 1,150. திருச்சிக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, சென்னைக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. ஒரு திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்தால் 27,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. நான்கு மணி நேரப் பயணம், ஒரு வழிக்கு மட்டும்.

என் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அண்ணன் கொத்தனார். மாதம் 1,200 திர்ஹம். சாப்பாடு, போன் கார்டு போக 800 ஊருக்கு அனுப்புவார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி டிக்கெட் உண்டு, ஆனால் டிக்கெட்டாகத் தர மாட்டார்கள், காசாகத் தருவார்கள். போய்வர 800. பொங்கல் வாரத்தில் போவதற்கே அது பற்றாது. ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே வைத்தால்தான் அவர் பொங்கலுக்கு வாசலில் நிற்க முடியும்.

“முன்கூட்டியே போட்டிருக்கலாமே” என்று எல்லோரும் சொல்கிறார்கள். விமான நிறுவனங்கள் சொல்கின்றன, செய்தித்தாளில் எழுதுகிறவர்களும் சொல்கிறார்கள். இதற்கு நான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரச்சினையின் வேரே இங்கேதான் இருக்கிறது.

செப்டம்பரில் டிக்கெட் போட எங்களுக்கு லீவு கையில் இருக்க வேண்டும். லீவை முடிவு செய்வது நாங்கள் இல்லை. சைட்டில் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, மாற்று ஆள் வந்தாரா, விசா எப்போது முடிகிறது, இவ்வளவையும் பார்த்துத்தான் ஃபோர்மேன் பெயரை மேலே அனுப்புவார். ஆபீஸிலிருந்து லீவ் லெட்டர் வர நவம்பர் கடைசியாகும், சிலருக்கு டிசம்பர் இருபதாகும். அதுவரை விலை குறைந்த டிக்கெட்டை நாங்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். துணிந்து முன்னாலேயே போட்டு, லீவு தள்ளிப்போய், காசு முழுவதும் போனவர்கள் எங்கள் கேம்ப்பிலேயே இருக்கிறார்கள். அந்த மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் திரும்பி வருவது டிக்கெட்டோடு கட்டிய வரிப் பணத்தில் கொஞ்சம் மட்டும்தான். வேறு ஆள் பெயருக்கு மாற்றவும் முடியாது. ஆக, தன் தேதியைத் தானே வைத்துக்கொள்ள முடிந்தவனுக்கு மலிவு விலை. முடியாதவனுக்கு இரண்டரை மடங்குக்கு மேல். சம்பளத்தில் கீழே இருப்பவன்தான் எப்போதும் இந்த இரண்டாவது வரிசையில் நிற்கிறான்.

விமானத்தில் எல்லா இருக்கைக்கும் ஒரே விலை இல்லை என்பது எனக்குப் புரிகிறது. இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைக்கிறார்கள். கீழ் அடுக்கு விற்றுத் தீர்ந்ததும் அடுத்தது திறக்கும். கூட்டம் வரும் என்று தெரிந்த தேதிகளில் கீழ் அடுக்கில் இருக்கைகளையே குறைத்துவிடுவார்கள். நிறுவனங்கள் இதற்குச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: பொங்கல் வாரத்தில் இந்தியாவுக்கு நிரம்பிப் போகும் விமானம் திரும்பும்போது பாதி காலியாக வருகிறது, போகிறவரிடம்தான் அந்தச் செலவையும் எடுக்க வேண்டியிருக்கிறது என்று. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்காக ஒன்றரை மடங்கு வாங்கட்டும், ஏன், ஒன்றே முக்கால் மடங்குகூட வாங்கட்டும். எங்கள் கேம்ப்பில் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். இரண்டரை மடங்குக்கு மேல் வாங்கிவிட்டு, காலியாகத் திரும்புவதைக் காரணமாகச் சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

ஊரில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பொங்கலுக்கு அரசு பஸ்ஸில் டிக்கெட் விலை ஏறுவதில்லை. கூட்டம் வரும் என்று தெரியும், அதனால் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். நெரிசலாகத்தான் இருக்கும், நின்றுகொண்டே போகிறவர்களும் உண்டு. ஆனாலும் சித்தாள் வேலை பார்க்கும் அம்மாவுக்கும் டிக்கெட் அதே விலைதான். பண்டிகைக்கு ஊருக்குப் போவதை நம் நாடு எப்படிப் பார்த்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் அதுதான்.

1994இல் விமானச் சந்தையைத் தனியாருக்குத் திறந்த பிறகு கட்டணத்தில் அரசு தலையிடுவதில்லை என்று பல முறை சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் 1937ஆம் ஆண்டு விமான விதிகளில் 135ஆவது விதி என்று ஒன்று உண்டு. இயக்கும் செலவு, சேவையின் தன்மை, நியாயமான லாபம் இவற்றைப் பார்த்துத்தான் நிறுவனங்கள் கட்டணம் வைக்க வேண்டும் என்கிறது அந்த விதி. அளவுக்கு மீறிய கட்டணம் என்று தெரிந்தால் டிஜிசிஏ தலைமை இயக்குநர் உத்தரவு போடலாம் என்றும் அதிலேயே இருக்கிறது.

கட்டணத்தில் நீங்கள் தலையிடாமலும் இல்லை. 2020 மே மாதத்திலிருந்து 2022 ஆகஸ்ட் வரை உள்நாட்டு விமானங்களுக்குக் கீழ் வரம்பும் மேல் வரம்பும் வைத்தீர்கள். 2025 ஜனவரியில் கும்பமேளாவுக்காகப் பிரயாக்ராஜுக்கு 81 கூடுதல் விமானங்களுக்கு அனுமதி கொடுத்து, கட்டணத்தைக் குறைக்கச் சொன்னீர்கள். போன தீபாவளிக்கு நீங்கள் கேட்டதால் உள்நாட்டு நிறுவனங்கள் 1,700-க்கும் மேற்பட்ட கூடுதல் விமானங்களை விட்டன. போன டிசம்பரில் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி விலை எகிறியபோது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் போனாலும் 18,000 ரூபாய்தான் என்று உச்சவரம்பு அறிவித்தீர்கள். அந்த அறிவிப்பு வந்த அன்று எங்கள் கேம்ப்பில் அதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம். ஒரு தம்பி கேட்டான்: “அண்ணே, இது நமக்கும் உண்டா?” இல்லை, உள்நாட்டுக்கு மட்டும்தான் என்று சொன்னேன். கட்டணத்தைக் கண்காணிக்க டிஜிசிஏ-வில் உள்ள பிரிவும் பார்ப்பது உள்நாட்டுத் தடங்களைத்தான்.

நாங்களும் இந்தியர்கள்தானே? பத்தாவது முடிக்காமல் வளைகுடாவுக்கு வேலைக்கு வருபவர்கள் அரசின் குடியேற்ற அனுமதி வாங்கித்தான் வருகிறார்கள். யார் எந்த நாட்டில் என்ன வேலைக்குப் போனார் என்ற பதிவு அரசிடமே இருக்கிறது. 2023-24இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணத்தில் ஐக்கிய அரபு அமீரகத்தின் பங்கு 19.2 சதவீதம், அந்தப் பணம் போய்ச் சேர்ந்த மாநிலங்களில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம் என்று ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்பு சொல்கிறது. அனுப்பும் பணம் கணக்கில் ஏறுகிறது, அனுப்புகிறவன் ஊருக்குத் திரும்பும் வழியையும் அதே அக்கறையோடு பாருங்கள் என்று கேட்கிறேன்.

மதுரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மற்ற நாடுகளோடு நாம் போட்டிருக்கும் விமான ஒப்பந்தங்களில், எந்தெந்த இந்திய ஊர்களுக்கு அந்த நாட்டு விமானங்கள் வரலாம் என்று பட்டியல் இருக்கிறது. அமீரகத்தோடு உள்ள பட்டியலில் மதுரை கிடையாது. அதனால் அந்த நாட்டு நிறுவனங்கள் விரும்பினாலும் அங்கே இறங்க முடியாது, இந்திய நிறுவனங்கள் விடும் சில விமானங்களை நம்பித்தான் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி ஆட்கள் எல்லோரும் இருக்கிறோம். துபாய்க்கும் இந்தியாவுக்கும் இடையே ஒவ்வொரு பக்கத்து நிறுவனங்களும் வாரத்துக்கு ஏறத்தாழ 65,000 இருக்கைகள்தான் இயக்கலாம் என்ற அளவும் பல வருடமாக நகரவில்லை. இந்திய நிறுவனங்கள் வளர வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறோம் என்கிறீர்கள். சரி, வளரட்டும். அதற்காக நிரந்தரமாகத் திறக்க முடியாது என்றால் பொங்கலுக்கு இரண்டு வாரம், தீபாவளிக்கு ஒரு வாரம் மட்டுமாவது கூடுதல் இருக்கைக்கும் மதுரைக்கும் தற்காலிக அனுமதி கொடுக்கக் கூடாதா?

மதுரையில் இறங்கினால் எனக்கு வீடு ஒன்றரை மணி நேரம். இடம் கிடைக்காமல் சென்னையில் இறங்குபவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளாம்பாக்கம் போய், பண்டிகை விலைக்கு ஆம்னி பஸ் டிக்கெட் வாங்கி, இரவு முழுக்க உட்கார்ந்து போகிறார். வானத்தில் ஒரு முறை கொடுத்ததைத் தரையிலும் ஒரு முறை கொடுக்கிறார்.

தாமதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 பொங்கலுக்கு நான் போன இந்திய நிறுவனத்தின் விமானம், இரவு பதினொன்றரைக்குக் கிளம்ப வேண்டியது, மறுநாள் காலை எட்டரைக்குக் கிளம்பியது. ஒரு சாண்ட்விச், ஒரு ஜூஸ். கைக்குழந்தைகளோடு தரையில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். இரவு எட்டு மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையே கிளம்பும் விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்க இடம் தர வேண்டும் என்று உங்கள் விதியில் இருப்பதைக் கவுன்டரில் காட்டினேன். அங்கே நின்ற பெண்ணுக்கு அதைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவரைத் திட்டி என்ன பயன்? அந்த விதியைத் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் டிக்கெட்டோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்று நிறுவனங்களுக்கு நீங்கள் உத்தரவு போட்டால், அடுத்த முறை அந்தப் பெண்ணுக்கும் உதவியாக இருக்கும்.

நான் கேட்பது பெரிய சலுகை எதுவும் இல்லை. தை முதல் நாள் எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து ஜனவரி 14 அல்லது 15இல்தான் வருகிறது. இந்த வருடத் தீபாவளி நவம்பர் 8 என்று நாள்காட்டியில் அச்சாகிவிட்டது. இது திடீரென்று வரும் புயல் கிடையாது. உள்நாட்டுக்கு நீங்கள் வைத்த உச்சவரம்பைப் போல, வளைகுடாவிலிருந்து வரும் தடங்களுக்கும் பண்டிகை வாரங்களுக்கு ஒரு வரம்பு வையுங்கள். கீழ் அடுக்கு இருக்கைகளில் ஒரு பங்கைத் தொழிலாளர் விசாவில் இருப்பவர்களுக்காகப் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு வரை ஒதுக்கி வையுங்கள், எங்கள் லீவ் லெட்டர் வரும் காலம் அதுதான். கூடுதல் விமானங்களைக் கடைசி வாரத்தில் அறிவிக்காமல் அக்டோபரிலேயே அறிவியுங்கள். வரம்பு வைத்தால் நிறுவனங்கள் விமானத்தைக் குறைத்துவிடுமோ என்று நீங்கள் யோசிக்கலாம். அதற்குத்தான் கூடுதல் இருக்கை அனுமதியையும் சேர்த்துக் கேட்கிறேன். இரண்டையும் ஒன்றாகச் செய்தால்தான் பலன் இருக்கும்.

ஜனவரி 12ஐத் தமிழ்நாடு அரசு அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறது. சென்னையில் விழா நடக்கும், நல்ல விஷயம்தான். அந்த 12ஆம் தேதியை ஒட்டித்தான் எங்கள் டிக்கெட் விலை உச்சத்துக்குப் போகிறது. மாநில அரசும் இந்தக் கோரிக்கையை உங்கள் மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என்று இந்த மடல் மூலமாகவே கேட்டுக்கொள்கிறேன்.

கொத்தனார் அண்ணனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. 2025 பொங்கலுக்கு அவரால் அந்தக் காசைக் கொடுக்க முடியவில்லை. லீவைத் தள்ளிப் போட்டு, பிப்ரவரி பத்தாம் தேதி 410 திர்ஹத்துக்குப் போனார். பொங்கலுக்கு வாங்கிய கரும்பில் ஒன்றை அப்பாவுக்கு என்று சொல்லி அவருடைய மகள் திண்ணை மூலையில் சாத்தி வைத்திருந்தாளாம். அவர் போய்ச் சேர்ந்தபோது அது காய்ந்து விறகாகியிருந்தது. அந்தப் பிள்ளை அதை எடுத்து வந்து கையில் கொடுத்ததாம். இதை அவர் என்னிடம் சொன்னது டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இரவில். கேட்டுவிட்டு அடுத்த தேதியைத் தட்ட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவருக்கு அடுத்த லீவு 2027 தொடக்கத்தில். இந்த அக்டோபரில் என் கட்டிலுக்கு வந்து, பொங்கலுக்கு என்ன விலை காட்டுகிறது என்று கேட்பார். அதற்குள் உங்களிடமிருந்து ஏதாவது ஓர் உத்தரவு வந்திருந்தால், அவரிடம் முதலில் அதைச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஷார்ஜாவிலிருந்து ஒரு பரமக்குடிக்காரன்