ஆதிமூலத்தின் அச்சு வேலைகளையும் சுவரில் மாட்டுங்கள்: எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு திறந்த மடல்

எழும்பூர் அரசு அருங்காட்சியக இயக்குநருக்கும் காப்பாட்சியர்களுக்கும் வணக்கம்.

ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் எல்லா வகை வேலைகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்து நீங்கள் ஒரு பெரிய கண்காட்சி நடத்த வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல். நவீன ஓவியத்துக்கான தேசியக் கூடம் டெல்லியில் இருக்கிறது, மும்பையில் இருக்கிறது, 2009-இல் பெங்களூருக்கும் வந்துவிட்டது. சென்னைக்கு வரவில்லை. அதனால் இந்தப் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழுகிறது.

1938-இல் திருச்சி மாவட்டம் கீரம்பூரில் பிறந்தவர் அவர். சென்னை ஓவியக் கல்லூரியில் ஓவியர் பணிக்கரும் சிற்பி தனபாலும் ஆசிரியர்களாக இருந்த காலத்து மாணவர். காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த கோட்டோவியங்கள் பெயர் வாங்கிக் கொடுத்தன. அப்புறம் மன்னர்கள். அதற்கப்புறம் வண்ணத்துக்குப் போய், உருவமே இல்லாத எண்ணெய் ஓவியங்கள். யார் கண்காட்சி வைத்தாலும் இந்த வரிசை தானாக வந்துவிடும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

விட்டுப்போவது அச்சில் வந்தவை. சிறுபத்திரிகை அட்டைகள், நூல்களுக்கு அவர் கையால் எழுதிய தலைப்பெழுத்துகள், ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடருக்கு வரைந்த படங்கள். கேலரிப் பக்கமே போகாத ஆயிரக்கணக்கானோர் நவீன ஓவியத்தின் கோடுகளை முதலில் பார்த்தது இப்படித்தான், அதுவும் டீக்கடை பெஞ்சில். இவற்றையெல்லாம் ‘இதர பணிகள்’ என்று பெயரிட்டு, நடைவழியின் கடைசியில் ஒரு கண்ணாடி மேசைக்குள் படுக்கவைத்துவிடாதீர்கள். கான்வாஸுக்குப் பக்கத்திலேயே, கண் மட்டத்தில் மாட்டுங்கள்.

காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து அச்சகத்தில் படம் அச்சிட லைன் பிளாக் என்ற கோட்டுப்படத் தகடுதான் மலிவு. துத்தநாகத் தகட்டில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவே சாம்பல் கிடையாது. சாம்பல் வேண்டுமானால் படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக்கும் ஹாஃப்டோன் போட வேண்டும். மட்டமான தாளில் புள்ளிகள் மை இழுத்து அப்பிக்கொள்ளும். ஆதிமூலமோ நிழலையே பேனாக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கித்தான் வரவழைப்பார். எந்தத் தாளிலும் அது நின்றது. ஒரு மூலப் படம், அதற்கு எடுத்த பிளாக், அச்சான பக்கம் என மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். எந்தக் கோடு தாங்கியது, எது தடித்தது என்று பள்ளிப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும். பிளாக்குகளைப் பெரும்பாலும் எடைக்குப் போட்டிருப்பார்கள். இரண்டு கிடைத்தாலும் போதும்.

தலைப்பெழுத்துகளுக்குத் தனிச் சுவரே கொடுக்கலாம். அளவெடுத்த அச்செழுத்தின் ஒழுங்கு அவற்றில் இராது. ஓவியம் வரைந்த அதே கை எழுதியது என்று பார்த்ததும் தெரியும்.

பத்திரிகைத் தாள் வெளிச்சத்தில் பழுப்பேறும் என்பீர்கள். சரிதான். தாள் படைப்புகளுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம் என்பது உங்களுக்குத் தெரியாததா? பக்கங்களை அவ்வப்போது மாற்றி வையுங்கள். இரண்டாம் முறை வரவும் எங்களுக்கு ஒரு சாக்கு கிடைக்கும். பழைய இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தைக் கேட்கலாம். விளக்க அட்டைகள் தமிழிலும் இருக்கட்டும், வெறும் ‘தலைப்பில்லாதது, எண்ணெய் வண்ணம்’ என்று முடித்துவிடாமல். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதைச் சுவரொட்டியிலேயே பெரிதாகப் போட்டுவிடுங்கள், வெளியூர்க்காரர்கள் வந்து திரும்பிப் போக வேண்டாம்.

இன்னொன்று. தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வாசகர்களுக்கு ஓர் அறிவிப்புக் கொடுத்தால் கரிசல் காட்டுத் தொடர் படங்களோடு எத்தனையோ பரண்களிலிருந்து இறங்கி வரும். என் வீட்டிலும் ஒரு தொகுப்பு இருக்கிறது. முதுகு பிரிந்திருக்கிறது, பக்கங்கள் முழுசு. முறையான ரசீது கொடுத்தால் கண்காட்சி முடியும்வரை இரவல் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்