கட்கி கண்காட்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ஜூலை 16, நம்ம புணே கட்கியில் ஆடி வளர்ந்த முன்னாள் இந்திய ஹாக்கி கேப்டன் தன்ராஜ் பிள்ளையின் பிறந்தநாளுக்கு நாங்கள் வைத்த சின்னக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. புணே மழை இரண்டு நாளும் விடவில்லை. நீங்களும் விடவில்லை. குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு வந்துகொண்டே இருந்தீர்கள்.

முதல் நன்றி, உடைந்த ஸ்டிக்கைக் கொண்டுவந்த பெரியவருக்கு. பழைய வேட்டியில் சுற்றி எடுத்துவந்தவர், "இது தன்ராஜுது இல்லப்பா, என்னுது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். கைப்பிடிக்குக் கீழே முறிந்த இடத்தில் பசை தடவி, சணல் கயிற்றை நெருக்கி நெருக்கிச் சுற்றியிருக்கிறது. தடவினால் கயிற்றின் ஒவ்வொரு வரியும் விரலில் தட்டுகிறது. இதே மாதிரி கட்டுப்போட்ட ஸ்டிக்கிலும், மற்றவர்கள் கழித்துப்போட்ட பந்திலும்தான் தன்ராஜும் அவர் சகோதரர்களும் இங்கே ஆடிப் பழகினார்கள். அவர்கள் அப்பா ஆர்டினன்ஸ் பாக்டரி மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர். சுவரில் 339 சர்வதேச ஆட்டங்கள் என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தோம். அதன் முன்னால் யாரும் நிற்கவில்லை. கூட்டம் முழுக்க ஸ்டிக்கைச் சுற்றித்தான்.

பாங்காக் இறுதி ஆட்டத்தின் வீடியோ கேசட்டைத் தந்தவருக்கும், ஓடாத விசிஆரை ஒரு ராத்திரி முழுக்கப் பிரித்துப்போட்டு ஓடவைத்த எலக்ட்ரீஷியன் தம்பிக்கும் நன்றி. 1998 ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை டை-பிரேக்கரில் வென்று, 32 வருடம் கழித்துக் கிடைத்த தங்கம் அது. கேப்டன் நம்ம ஆள். திரையில் கோடு கோடாக ஓடினாலும் அவர் ஓட்டம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது: தலைமுடி ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். ஆட்டம் முடிந்ததும் கேசட்காரர் எழுந்து போய் நிறுத்திவிட்டார். "இதுக்கு அப்புறம் நடந்தது வேண்டாம்" என்றார். அவர் சொன்னது எங்களுக்குப் புரிந்தது. தங்கத்தோடு வந்தவரையும் இன்னும் ஆறு மூத்த வீரர்களையும், ஓய்வு கொடுக்கிறோம் என்று சொல்லி அணியில் சேர்க்கவில்லை. ஆட்டச் சம்பளம் பற்றி வாய்திறந்ததற்கான தண்டனை என்றுதான் பலரும் பேசினார்கள். நாங்களும் அப்படித்தான் நினைக்கிறோம், இன்றைக்கும்.

நான்கு ஒலிம்பிக், ஒரு பதக்கம்கூட இல்லையே என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். கேள்வி சரிதான். பதில் சொன்ன அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி. சிட்னியில் போலந்து கடைசி நிமிடங்களில் சமன் செய்து அரையிறுதி கைநழுவிப்போன அன்று, தன்ராஜ் அழுததை டிவியில் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்றார். "பதக்கம் வாங்கினவங்க பேரு எத்தனை உனக்கு ஞாபகம் இருக்கு தம்பி?" என்று அவர் திருப்பிக் கேட்டதும் மாணவர் சிரித்துவிட்டார். அப்புறம் 2003 ஆசியக் கோப்பை பேச்சு வந்தது. கோலாலம்பூர் இறுதியில் பாகிஸ்தானை 4-2 என்று வென்றபோது கேப்டனுக்கு 35 வயது. மாணவர் போனில் அந்த ஆட்டத்தைத் தேட ஆரம்பித்தார்.

பேனரில் தங்கம் வாங்கிய வருடம் 1989 என்று அச்சாகிவிட்டது. கண்டுபிடித்துக் காகிதம் ஒட்டிய ஏழாம் வகுப்புப் பாப்பாவுக்கு நன்றி. (அவர் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கியதே 1989-இல்தானே, இருக்கட்டும் விடு என்று வாதாடியவர்களுக்கு நன்றி கிடையாது.) நாற்காலி தந்தவர்கள், டீ போட்டவர்கள், கேட்காமலே வந்து கூடத்தைக் கழுவிவிட்ட மராத்தி நண்பர்கள், எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். கட்கியை இன்னும் கிர்க்கி என்றே சொல்லும் தாத்தாக்கள் முன்வரிசையை இரண்டு நாளும் யாருக்கும் விடவில்லை. அதற்கும் நன்றி.

ஸ்டிக்கை ஞாயிறன்று பெரியவர் வீட்டில் சேர்த்துவிடுகிறோம். மூன்று குடைகளும் ஒரு மூக்குக் கண்ணாடியும் எங்களிடம் இருக்கின்றன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
கட்கி ஹாக்கி ரசிகர்கள்