பீட்டர் கிரிமின்ஸ் பதக்கத்தின் வாக்குத்தாளைத் திறந்து வையுங்கள்: ஹாதோர்ன் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஏஎஃப்எல் என்னும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து லீக்கில் ஆடும் ஹாதோர்ன் கால்பந்துக் கழகத்தின் இயக்குநர் குழுவினருக்கும், தலைமைப் பயிற்சியாளர் திரு. சாம் மிட்செல் அவர்களுக்கும், அவருடன் பணியாற்றும் பயிற்சியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கழகத்தின் ஆண்டுச் சிறந்த வீரருக்கான பீட்டர் கிரிமின்ஸ் பதக்கம் வழங்கப்படும் இரவு முடிந்ததும், ஒவ்வோர் ஆண்டும் ரசிகர்களிடையே ஒரே வாக்குவாதம் எழுகிறது. பருவம் முழுவதும் பந்தை அதிகம் கைப்பற்றியவர் ஏன் ஐந்தாம் இடத்துக்குப் போனார், பின்களத்தில் பெயர் தெரியாமல் உழைத்தவர் எப்படி அவரை முந்தினார், காயத்தால் ஐந்தாறு ஆட்டங்களைத் தவறவிட்டவருக்கு நியாயம் செய்யப்பட்டதா என்று வாரக்கணக்கில் பேசுகிறோம். இந்த வாக்குவாதத்தை நிறுத்தும்படி கேட்க நான் எழுதவில்லை. அது கழகத்தின் மீதுள்ள பற்றிலிருந்து வருவது, நடக்கட்டும். ஆனால் அது இருட்டில் நடக்கிறது என்பதுதான் என் வருத்தம். விருது இரவுக்குப் பின் பெரிதும் செய்தியாவது முதல் சில இடங்களைப் பிடித்தவர்களின் மொத்த வாக்கு எண்ணிக்கைதான். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால், ஆட்டத்துக்கு ஆட்டம் பயிற்சியாளர்கள் எதைக் கண்டு எவருக்கு எவ்வளவு அளித்தார்கள் என்ற காரணம் எங்களுக்கு வந்து சேர்வதில்லை. பருவம் முடிந்த பிறகாவது அந்தக் காரணங்களை வெளியிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

வாக்களிக்கும் உரிமை பயிற்சியாளர்களிடமே இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை ரசிகர்களின் வாக்கெடுப்புக்கோ, கணினி தரும் புள்ளிவிவரப் பட்டியலுக்கோ மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதற்கான காரணத்தை நம் கழகத்தின் வரலாறே தருகிறது.

2013ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிமேன்டில் அணியை வென்று நாம் கோப்பையைக் கைப்பற்றிய ஆண்டு அது. அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கத்தை 68 கோல்களுடன் ஜாரிட் ரஃப்ஹெட் பெற்றார். கோப்பையைத் தீர்மானிக்கும் இறுதியாட்டமான கிராண்ட் ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் பிரையன் லேக்குக்குப் போயிற்று. நடுக்களத்தில் சாம் மிட்செலும், பின்களத்தில் லூக் ஹாட்ஜும், முன்களத்தில் லான்ஸ் ஃபிராங்க்ளினும் ஆடிய அணி அது. இத்தனை பேர் இருந்தும், அந்த ஆண்டின் கிரிமின்ஸ் பதக்கத்தைப் பெற்றவர் ஜாஷ் கிப்சன் என்ற தடுப்பாட்டக்காரர். 2015இல் நாம் தொடர்ச்சியாக மூன்றாம் முறை கோப்பை வென்றபோதும் அதே கிப்சனே மீண்டும் பெற்றார்.

கிப்சனின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் பாதியைத்தான் பார்த்திருப்பார்கள். எதிரணியின் முன்கள வீரர் உயரத் தாவிப் பந்தைப் பிடிக்கப்போகும் கணத்தில், தன் பொறுப்பில் இருந்த ஆளை விட்டுவிட்டு, எங்கிருந்தோ ஓடிவந்து முஷ்டியால் பந்தைத் தட்டிவிடுவதே அவர் வேலை. அப்படித் தட்டிவிட்ட பந்து அவர் பெயரில் ஒரு பந்துப்பேறாகக் கூடப் பதிவாவதில்லை. சிறு தற்காப்புச் செயல்களைக் குறிக்கும் ‘ஒன் பர்சென்டர்’ என்ற தலைப்பின் கீழ், பெரும்பாலோர் படிக்காத ஒரு பத்தியில் போய்ச் சேர்கிறது. தன் ஆளை எப்போது விட்டு ஓடலாம், எப்போது ஓடக்கூடாது என்ற முடிவுதான் அந்த ஆட்டத்தின் உயிர். ஒரு நொடி தவறினால் இரண்டு பேர் தனித்து நிற்பார்கள், கோல் விழும். அவர் சரியாக முடிவெடுத்த நூறு தருணங்களில் எதுவுமே நடக்கவில்லை என்பதுதான் அவருடைய சாதனை. நடக்காத ஒன்றை எந்தப் புள்ளிவிவரமும் எண்ணிக் காட்டாது. அரங்கின் மேல்தளத்திலிருந்து களம் முழுவதையும் பார்த்து, வாரம் முழுவதும் அந்த வீரருக்கு என்ன பணி கொடுக்கப்பட்டது என்பதை அறிந்து, மறுநாள் ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்தி ஆராயும் பயிற்சியாளர்களால்தான் அதைக் காண முடியும்.

லீக் முழுவதிலும் சிறந்த வீரருக்கு வழங்கப்படும் பிரவுன்லோ பதக்கத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1924 முதல் வழங்கப்படும் அந்தப் பதக்கத்துக்கு ஆட்டத்தை நடத்தும் நடுவர்களே ஒவ்வோர் ஆட்டத்தின் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று வாக்களிக்கிறார்கள். பந்து எங்கேயோ அங்கேதான் நடுவரின் கண்ணும் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதனால் பந்தைச் சுற்றியே ஓடும் நடுக்கள வீரர்களின் பெயர்கள்தான் அவர்கள் நினைவில் நிற்கின்றன. தடுப்பாட்டக்காரராக ஆடி அந்தப் பதக்கத்தைக் கடைசியாக வென்றவர் 1993இல் எஸ்ஸன்டன் அணியின் கேவின் வாங்கனீன். 2024இல் கார்ல்டன் அணியின் பேட்ரிக் கிரிப்ஸ் 45 வாக்குகள் பெற்று வரலாற்றுச் சாதனை படைத்தபோது, 38 வாக்குகளுடன் அடுத்த இடத்தில் இருந்த நிக் டெய்காஸும் நடுக்கள வீரரே. நடுவர்களைக் குறை சொல்ல இதைக் கூறவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

நம் கழகத்தின் மிகப் பெரிய வீரர்களே இதனால் விடுபட்டிருக்கிறார்கள். லீ மாத்யூஸ் கழகத்தின் சிறந்த வீரர் விருதை 8 முறை வென்றவர்; ஒரு முறைகூடப் பிரவுன்லோ பதக்கம் பெறவில்லை. 1,254 கோல்கள் அடித்த ஜேசன் டன்ஸ்டல் கிரிமின்ஸ் பதக்கத்தை 4 முறை பெற்றும் பிரவுன்லோ அவருக்கு வாய்க்கவில்லை. கழகத்துக்குள் இருந்த கண்கள் வெளியில் இருந்தவர்களைவிடக் கூர்மையாகப் பார்த்திருக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். கழகங்களின் சொந்த விருதுகளுக்கு மதிப்பு இருப்பதே இதனால்தான். ஜீலாங் கழகத்தில் 2018இல் பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்ட், கேரி ஆப்லெட், ஜோயல் செல்வுட் ஆகிய மூவரும் ஒரே அணியில் ஆடிய பருவத்தில் சிறந்த வீரர் விருது மார்க் பிளிகாவ்ஸுக்குச் சென்றதும், ரிச்மண்ட் கழகத்தில் 2020இல் டஸ்டின் மார்ட்டின் மூன்றாம் முறையாக நார்ம் ஸ்மித் பதக்கம் வென்ற பருவத்தில் அந்தக் கழகத்தின் சிறந்த வீரர் விருதான ஜாக் டயர் பதக்கம் ஜேடன் ஷார்ட்டுக்குச் சென்றதும் இதே வகையில் சேரும்.

இவ்வளவு நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்கள், பார்த்ததை ஏன் எங்களோடு பகிர்ந்துகொள்ளக் கூடாது?

காரணம் சொல்லப்படாத இடத்தில் ரசிகர்கள் தாங்களே காரணம் கற்பிக்கிறார்கள். இன்னார் பயிற்சியாளருக்கு வேண்டியவர், இன்னாருடைய ஒப்பந்தம் முடியப்போகிறது, அடுத்த தலைவராக வளர்க்கப்படுபவருக்குச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் பேச்சு கிளம்புகிறது. இதில் மிகவும் அடிபடுபவர் பதக்கம் வென்றவரே. பருவம் முழுவதும் நல்ல பெயர் வாங்காமல் உழைத்த ஒரு தடுப்பாட்டக்காரர், தனக்கு உரிய ஒரே இரவில்கூட, ‘இவருக்கு எப்படி?’ என்ற கேள்வியைச் சுமக்க நேர்கிறது. பதினான்காம் சுற்றில் எதிரணியின் முதன்மைக் கோல் வீரரை இவர் கடைசிக் கால்பகுதி முழுவதும் பந்தைத் தொடவிடவில்லை, அதனால் இவருக்கு அந்த ஆட்டத்தின் உச்ச மதிப்பெண் என்று இரண்டே வரி எழுதியிருந்தால், அந்தக் கேள்வி எழுந்த இடத்திலேயே அடங்கியிருக்கும். அதற்கும் மேலாக, அடுத்த ஆண்டு அரங்கில் உட்காரும் ரசிகர் பந்தை விட்டுவிட்டு அந்தத் தடுப்பாட்டக்காரரின் கால்களைக் கவனிக்கத் தொடங்குவார். ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த ஒளிபரப்பாலும் அதைத் தர முடியாது.

இந்தப் பதக்கம் தாங்கியிருக்கும் பெயரை நினைத்தாலும் இந்தக் கோரிக்கை மிகையாகத் தோன்றாது. பீட்டர் கிரிமின்ஸ் நமக்காக 176 ஆட்டங்கள் ஆடிய குள்ளமான, துணிவான வீரர், அணித்தலைவர். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பி, 1975 கிராண்ட் ஃபைனலில் ஆடத் தயார் என்று அவர் சொன்ன பிறகும் தேர்வுக் குழு அவரை அணியில் சேர்க்கவில்லை. நார்த் மெல்பர்னிடம் நாம் 55 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றோம். அடுத்த ஆண்டு அதே எதிரணியை வென்றபோது அவரால் அரங்குக்கு வர முடியவில்லை. அன்றிரவு சக வீரர்கள் கோப்பையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். மூன்று நாள் கழித்து, 1976 செப்டம்பர் 28 அன்று, 28 வயதில் அவர் காலமானார். 1975இன் அந்த முடிவு சரியா தவறா என்பதை அரை நூற்றாண்டு கழித்தும் மூத்த ரசிகர்கள் பேசித் தீர்க்கவில்லை. நான் அதில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அன்றைய குழுவினர் ஒரு நோயாளியின் உடல்நிலையை எண்ணிப் பார்த்துக் கனத்த மனத்தோடுதான் முடிவெடுத்திருப்பார்கள். ஒரு குழு மூடிய கதவுக்குள் எடுக்கும் முடிவு ஒரு வீரரின் வாழ்வில் எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதை நம் கழகத்தைவிட நன்றாக அறிந்த கழகம் வேறு இருக்க முடியாது என்பதையே சொல்ல வருகிறேன்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். மதிப்பெண்களை வெளியிட்டால் உடைமாற்றும் அறையில் கசப்பு வரும், ஓர் உதவிப் பயிற்சியாளர் தனக்குக் குறைத்துப் போட்டார் என்று ஒரு வீரர் மனம் வருந்துவார் என்பார்கள். இந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் எந்தப் பயிற்சியாளர் எவ்வளவு அளித்தார் என்று பெயர் பிரித்துக் கேட்கவில்லை. குழுவின் கூட்டு மதிப்பெண் போதும். இந்த அளவு வெளிப்படைத்தன்மை லீக்குக்குப் புதியதும் அல்ல. ஏஎஃப்எல் பயிற்சியாளர் சங்கம் 2003 முதல் வழங்கும் விருதுக்கு, ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் இரு அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களும் 5 முதல் 1 வரை வாக்களிக்கிறார்கள். அந்தக் கூட்டுத்தொகை வாராவாரம் வெளியாகிறது. ஒரு வீரர் 10 வாக்குகள் பெற்றிருந்தால், அவருடைய சொந்தப் பயிற்சியாளரும் அவரையே முதலிடத்தில் வைத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதனால் எந்த அணியும் சிதறிவிடவில்லை. பருவத்தின் நடுவில் வெளியிட முடிவதை, பருவம் முடிந்த பிறகு வெளியிடுவதில் என்ன தடை?

வாக்கு விதிகள் சிலவற்றையும் எழுத்தில் வைத்தால் நல்லது. தடை விதிக்கப்பட்ட வீரர் தகுதி இழக்கிறாரா, அல்லது தவறவிட்ட ஆட்டங்களின் மதிப்பெண்களை மட்டும் இழக்கிறாரா? பிரவுன்லோவில் தடை பெற்றவர் தகுதி இழப்பார் என்ற விதி தெளிவாக இருப்பதால்தான் 1997இல் கிறிஸ் கிராண்ட் 27 வாக்குகளுடன் முதலிடம் பெற்றும் பதக்கம் 26 பெற்ற ராபர்ட் ஹார்விக்குப் போனபோது மனம் வலித்தாலும் குழப்பம் வரவில்லை. அதேபோல் இறுதிச்சுற்று ஆட்டங்களுக்குக் கூடுதல் எடை உண்டா என்பதையும், மாற்று வீரராகச் சிறிது நேரமே ஆடியவரின் ஆட்டம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் பருவம் தொடங்கும் முன்பே தெரிவிக்கலாம். காயமடைந்தவர்களுக்குச் சராசரி பார்க்க வேண்டும் என்று சில ரசிகர்கள் கேட்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. வலியோடு வாரந்தோறும் களமிறங்கி நிற்பதும் ஒரு திறமைதான், மொத்தக் கணக்கு அதை மதிக்கிறது.

திரு. மிட்செல் அவர்களே, இந்தப் பதக்கத்தை 5 முறை பெற்றவர் நீங்கள். பிரவுன்லோவும் உங்களிடம் இருக்கிறது. இரண்டு வகை வாக்குகளையும் பெற்ற ஒருவர் இன்று வாக்களிக்கும் இடத்தில் இருப்பது எங்கள் நற்பேறு. 2013இல் உங்கள் அருகே ஆடிய கிப்சனிடம் அன்றைய பயிற்சியாளர்கள் என்ன கண்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதுபோன்ற ஒன்றை இன்றைய அணியில் எவரிடம் காண்கிறீர்கள் என்பதை உங்கள் குழுவின் சொற்களிலேயே படிக்க விரும்புகிறோம்.

வரும் பருவத்தின் விருது இரவு முடிந்த ஒரு வாரத்துக்குள், முதல் பத்து இடங்களைப் பெற்றவர்களின் ஆட்டவாரியான மதிப்பெண்களையும், ஒவ்வொருவரின் மிகச் சிறந்த மூன்று ஆட்டங்களுக்குப் பயிற்சியாளர் குழு தரும் சிறு விளக்கத்தையும் கழகத்தின் இணையதளத்தில் உறுப்பினர்கள் அனைவரும் படிக்கும்படி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மகளிர் அணியின் விருதுக்கும் இதே முறையைப் பின்பற்ற வேண்டும். முதல் ஆண்டில் பத்துப் பேருக்கு எழுதுவது பெருஞ்சுமை என்று கருதினால், வென்றவர் ஒருவருக்கு மட்டுமாவது எழுதித் தொடங்குங்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
மெல்பர்னில் வாழும் கழக உறுப்பினர் ஒருவர்