ஆறின வண்டியில் கோளாறு தெரியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கார் பராமரிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், விட்டுவிட்டு வரும் மின்கோளாறுக்கு வயரிங் கிட்டையே, அதாவது வண்டியின் வயர் கட்டு மொத்தத்தையே, மாற்றிவிடுவதுதான் வழி என்று எழுதியிருந்தது. படித்ததும் வயிறு எரிந்தது. அந்த வழியில் பாதி தூரம் போய்த் திரும்பியவன் நான்.

என்னுடையது 1997 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. சேலத்துக்குள் எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் செய்யாது. ஏற்காட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினால்தான் வினை. 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டி, பனி மூடி, வைப்பரும் ப்ளோயரும் போட்டுக் கொஞ்ச நேரத்தில் இன்ஜின் இரண்டு தரம் திக்கும், நின்றுவிடும். பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பின்னால் வரும் பஸ் டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் காத்திருந்தால், எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். கீழே ஒர்க்‌ஷாப்பில் விட்டால், "எல்லாம் ஓகே சார்." பேட்டரி மாற்றினார்கள். ஸ்பார்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில் மாற்றினார்கள். மூன்றாவது தடவை வயரிங் கிட்டுக்கு விலை சொன்னார்கள்.

செவ்வாய்பேட்டையில் வயதான ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரைச் சொந்தக்காரர் காட்டிவிட்டார். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. "நின்னப்போ ஹெட்லைட் போட்டுப் பாத்தீங்களா? சாவி போட்டா டாஷ்போர்டுல சிவப்பு சார்ஜ் லைட் எரிஞ்சுதா?" என்றார். நான் பார்க்கவில்லை. "அடுத்த தடவ நின்னா பாத்துட்டு வாங்க." அவ்வளவுதான், காசுகூட வாங்கவில்லை.

அடுத்த ஞாயிறே நின்றது. ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. சாவி ஆனில் இருந்தும் சார்ஜ் லைட் எரியவில்லை. என் வண்டியில் ஹெட்லைட்டுக்குப் போகும் கரண்ட் சாவி ஸ்விட்ச் வழியாகப் போவதில்லை. காயில், வைப்பர், ப்ளோயர், சார்ஜ் லைட் நான்குக்கும் அதுதான் வாசல். அப்படியானால் பேட்டரியில் தப்பில்லை, காயிலில் தப்பில்லை, அந்த வாசலில்தான் தப்பு. இரண்டுக்கும் நான் தண்டம் அழுதாயிற்று.

அதன்பிறகு அவர் செய்ததைத்தான் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை ஸ்டியரிங்குக்குக் கீழே சாவி ஸ்விட்ச்சிலிருந்து வெளியே வரும் வயரிலும் வைத்தார். இன்ஜின் ஓட, வைப்பரும் ப்ளோயரும் ஓட, வழியில் விழும் வோல்ட்டை மீட்டர் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டுமாம். முதலில் ஒரு வோல்ட் காட்டியது. கண்ணாடியை ஏற்றிவிட்டு இருவரும் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தோம். இரண்டு, மூன்று என்று ஏறி, நான்கைத் தாண்டியதும் இன்ஜின் மலையில் திக்கின அதே மாதிரி திக்கியது. ஸ்விட்ச்சில் வயர்களைச் செருகும் கப்ளரைப் பிடுங்கிக் காட்டினார். ஒரு பின் மட்டும் நீலம் பாய்ந்து, சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தது.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். 12 ஆம்பியர் போகும் இடத்தில் 3 வோல்ட் விழுந்தால் 36 வாட் சூடு. கடையில் விற்கும் சின்ன சால்டரிங் அயன் 25 வாட்தான். சூடு ஏற ஏற பின்னின் பிடி தளரும், தளரத் தளர இன்னும் சூடு. ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினை நிறுத்தி, மீட்டரை பஸ்ஸரில் வைத்துப் பார்த்தால் 'பீப்' என்று சத்தம் வரத்தான் செய்யும். வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அந்த பீப் வரும். கோளாறு வரும் சூட்டில், கோளாறு வரும் லோடில் அளக்காத எந்தச் சோதனையையும் நான் இனி நம்ப மாட்டேன்.  

கிட்டை மாற்றியிருந்தாலும், ஸ்விட்ச் பக்கத்துப் பின் பழையதாகவே இருந்திருக்கும். புது வயர், அதே கருகல். அவர் கப்ளரையும் ஸ்விட்ச்சையும் மாற்றி, ப்ளோயரின் கரண்ட் சாவி ஸ்விட்ச் வழியாகப் போகாதபடி அதற்குத் தனி ரிலேயும் பியூஸும் வைத்துக் கொடுத்தார். பேட்டரிக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. இரண்டு மழைக்காலம் மலை ஏறி இறங்கிவிட்டேன், வண்டி நிற்கவில்லை.

வைப்பர் மட்டும் பனியில் இன்னும் இழுத்து இழுத்துத்தான் போகிறது. அதன் எர்த் வயரைப் பார்க்க இந்த ஞாயிறு மீட்டர் இரவல் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோரிமேடு, சேலம்.