கட்டாயமாக்குங்கள், படிவத்தையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதிய தடுப்பூசிகளைக் கட்டாயமாக்கலாமா என்ற விவாதத்தில் நான் கட்டாயத்தின் பக்கம்தான். 2019 டிசம்பரில், 27 ஆண்டுகளுக்குப் பிறகு, மலேசியாவின் சபா மாநிலத்தில் போலியோ தலைகாட்டியது. தட்டம்மை பரவாமலிருக்க 95 விழுக்காட்டுப் பிள்ளைகள் இரண்டு தவணை போட்டிருக்க வேண்டும்.

ஆனால் பள்ளியில் முதலாம் ஆண்டில் ஊசி தவறிப்போகும் எல்லாப் பிள்ளைகளின் பெற்றோரும் எதிர்ப்பாளர்கள் அல்லர். ஒப்புதல் படிவம் புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். கையெழுத்து இல்லாமல் தாதி ஊசி போடமாட்டார். லேசான சளிக்கே பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். சளி தடையே இல்லை. கடுங்காய்ச்சல் என்றால் தள்ளிப்போடலாம். முன்பு ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் படிவத்தில் கட்டாயம் எழுத வேண்டும்.

வராத பிள்ளைக்கு மருந்தை எடுத்துவைக்கவும் முடியாது. தட்டம்மைத் தடுப்பு மருந்துத் தூளைக் கரைத்தபின் வெளிச்சம் படாமல், 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்து, 6 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மிச்சம் குப்பைக்குத்தான்.

தமிழ்ப்பள்ளிகளில் படிவத்தைத் தமிழிலும் கொடுங்கள். விடுபட்ட பிள்ளை எந்த கிளினிக்குக்கு, எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதை அன்றே எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பெற்றோரே, சுகாதாரப் புத்தகத்தின் ஊசிப் பக்கத்தை இன்றே கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

பள்ளிச் சுகாதாரத் தாதி,
பினாங்கு