மலையேற்றச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத பெரும்பான்மையினருக்கும் வணக்கம். சங்க விதிகளின்படி 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு விதிப்படி கூடியது. சில முறை போதிய வருகை இல்லாமல் தேநீரோடு கலைந்தது. வெள்ளியங்கிரி ஏற்றம் வழக்கம்போல் நடைபெற்றது. முதலுதவிப் பயிற்சி முகாம் சிறப்பாக நடந்தது. குடும்ப நடைப்பயணம் மழையால் கைவிடப்பட்டது. சங்க அலமாரியின் சாவி கிடைத்துவிட்டது.

இந்த ஆண்டின் முக்கிய நிகழ்வு, நேபாளத்தில் எவரெஸ்டை ஒட்டியுள்ள கும்பு பகுதிக்கு நவம்பர் மாதம் நாம் மேற்கொண்ட பயணம். இதைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசிவருவதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஜூலை மாதச் சுற்றறிக்கையில் ‘எவரெஸ்ட் அடிவார முகாம்’ என்ற சொற்கள் எங்குமே இல்லை. ‘கும்பு மலைக் கிராமங்கள்: நாம்சே, தாமே, குண்டே, கும்ஜுங், பாங்போச்சே, டிங்போச்சே’ என்றுதான் அச்சிட்டிருந்தோம். அடிவார முகாமுக்குப் போகிறவர்கள் இந்த ஊர்களைத் தூங்குவதற்கான இடங்களாகவே பார்க்கிறார்கள். மாலையில் வந்து சேர்ந்து, கைப்பேசிக்கு மின்னேற்றி, காலையில் கிளம்பிவிடுகிறார்கள். நாம் அப்படிப் போக வேண்டாம் என்பது செயற்குழுவின் முடிவு. யோசனை என்னுடையது, தீர்மானம் எல்லோருடையது. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துகள் இருக்கின்றன.

பெயர் கொடுத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தீபாவளிக்கு முந்தைய வாரம் விலகினார்கள். ஒருவருக்கு மைத்துனர் திருமணம், ஒருவருக்கு அலுவலகத் தணிக்கை; இன்னொருவர் காரணம் கேட்கும் சிரமத்தையும் நமக்கு வைக்கவில்லை. விமான டிக்கெட் ரத்துக் கட்டணத்தை யார் ஏற்பது என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. தற்காலிகமாக ஏற்றுக்கொண்டவர் யார் என்பது பொருளாளருக்குத் தெரியும்.

கும்பு நடை தொடங்கும் ஊர் லுக்லா. கூட்டம் மிகுந்த பருவத்தில் லுக்லாவுக்கான விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டிலிருந்து புறப்படுவதில்லை. நள்ளிரவில் வண்டியேறி ராமேசாப் மாவட்டத்து மந்தலிக்குப் போய் அங்கிருந்துதான் பறக்க வேண்டும். லுக்லாவின் ஓடுபாதை 527 மீட்டர்தான். அதுவும் ஏற்றமாக, மலைச்சுவரில் போய் முடிகிறது. இறங்கியபோது எல்லோரும் கைதட்டினார்கள். மேகத்தால் ஒருநாள் காத்திருந்ததற்கு என்னைக் குறை சொன்னவர்களும் அப்போது தட்டினார்கள்.

நாம்சே பஜார் 3,440 மீட்டரில் குதிரை லாட வடிவத்தில் அமைந்த ஊர். அங்கே இரண்டு இரவு தங்கியது வீண்செலவு என்று ஒரு கருத்து நிலவுகிறது. 3,000 மீட்டரைத் தாண்டியபின், ஓர் இரவு படுக்கும் உயரத்துக்கும் மறு இரவு படுக்கும் உயரத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் தங்க வேண்டும். இது மருத்துவர்கள் வகுத்த விதி. காசு மிச்சம் பிடிப்பதற்காக இரத்தம் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்வதில்லை.

அங்கிருந்து மேற்கே தாமேவுக்குப் போனோம். டென்சிங் நோர்கே சிறுவயதில் வளர்ந்த ஊர். 2024 மே மாதம் 30-வது முறையாக எவரெஸ்ட் ஏறிய காமி ரீத்தா ஷெர்பாவின் ஊரும் அதுதான். 2024 ஆகஸ்ட் 16 அன்று மேலே தியன்போ பகுதியில் பனியாற்று நீர் தேங்கிய ஏரி உடைந்து, வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. வீடுகளும் தங்கும் விடுதிகளும் பள்ளிக்கூடமும் சுகாதார நிலையமும் போயின. உயிர்ச்சேதம் இல்லை. பகல் நேரம், ஆட்கள் விழித்திருந்தார்கள், ஓடினார்கள். நாங்கள் போனபோது ஆற்றை ஒட்டிய உருளைக்கிழங்கு வயல்கள் இருந்த இடத்தில் சாம்பல் நிற மணலும் ஆளுயரப் பாறைகளும் கிடந்தன. பாதி இடிந்த ஒரு வீட்டில் சுவர் இல்லாத அடுப்பங்கரை வெளியே தெரிந்தது. அலமாரித் தட்டில் அலுமினியக் குண்டான்கள் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கியபடியே இருந்தன. மலைச்சரிவின் மேலே நிற்கும் மடாலயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று இரவு உணவின்போது, அந்தப் பள்ளிக்காக நம் குழுவினர் தாமாகவே முன்வந்து நன்கொடை அறிவித்தார்கள். அறிவித்த தொகைகள் என் குறிப்பேட்டில் உள்ளன. வந்த தொகைகளும் உள்ளன. அவற்றை எழுத அரைப் பக்கம் போதுமானதாக இருந்தது.

குண்டேயும் கும்ஜுங்கும் கும்பிலா மலையின் அடியில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். கும்ஜுங் பள்ளி 1961-இலும் குண்டே மருத்துவமனை 1966-இலும் எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியால் தொடங்கப்பட்டவை. கும்பிலா 5,761 மீட்டர்தான். அந்த வட்டாரத்துக்கு அது குன்று. ஆனாலும் அதில் யாரும் ஏறுவதில்லை, அங்கே தெய்வம் குடியிருக்கிறது என்பதால். தெய்வம் இருக்கிறது என்பதற்காகவே வெள்ளியங்கிரியில் முண்டியடித்து ஏறும் நமக்கு இது புதிதாக இருந்தது. ஆனால், மந்திரம் செதுக்கிய மணிக் கற்சுவர்களை வலப்புறம் வைத்துச் சுற்றிப்போக வேண்டும் என்று வழிகாட்டி சொல்லத் தொடங்கியபோது, நம் ஆட்கள் ஏற்கெனவே அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

கும்ஜுங் மடாலயத்தில் பனிமனிதன் எனப்படும் எட்டியின் மண்டைத் தோல் என்று ஒன்றைப் பூட்டிய பெட்டியில் வைத்திருக்கிறார்கள். காணிக்கை போட்டால் காட்டுகிறார்கள். 1960-இல் ஹிலாரி அதை இரவல் வாங்கிக்கொண்டு போய் ஆய்வாளர்களிடம் காட்டியதில், அது செரோ என்ற மலை ஆட்டினத்தின் தோல் என்று சொல்லிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் அதைப் பத்திரமாகத் திரும்ப வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். ஆய்வு முடிவு வந்ததால் காணிக்கை குறைந்ததாகத் தெரியவில்லை. நமது சந்தா வசூலுக்கும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் நன்றாக இருக்கும்.

கும்ஜுங்கில் நாங்கள் தங்கிய வீட்டு அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுக்கூடத்தில் இரும்பு அடுப்பு. எரிபொருள் யாக் என்ற மலை மாட்டின் சாணம். நம் ஊரில் போலவே வறட்டியாகத் தட்டிக் கல்சுவரில் ஒட்டிக் காயவைக்கிறார்கள். உருளைக்கிழங்கைப் பச்சையாகத் துருவி, கொஞ்சம் மாவு கலந்து, கல்லில் தடிமனாக வார்த்து, மேலே வெண்ணெய்க் கட்டியும் அரைத்த மிளகாயும் வைத்துத் தருகிறார். ரிகிகுர் என்று பெயர். “அடையா?” என்று கேட்ட உறுப்பினர் நான்கு சாப்பிட்டார். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரை ஒரு வாய் குடித்துக் கீழே வைத்தால் உடனே விளிம்புவரை நிரப்பிவிடுகிறார். வேண்டாம் என்பது அங்கே முதல் இரண்டு முறை செல்லாது. சாதம் வேகவில்லை என்று புகார் சொன்னவர்களுக்கு: அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாத சமையலறையில் சமையல்காரரைக் குறை சொல்வதில் பொருள் இல்லை.

மணி ரிம்து திருவிழாவைப் பார்க்க முடியாதது குறித்தும் கடிதம் வந்திருக்கிறது. தெங்போச்சே மடாலயத்தின் முகமூடி நடனம் திபெத்திய நாட்காட்டிப்படி நடப்பது. நம் வங்கி ஊழியர்களின் விடுப்புப் பட்டியலைக் கேட்டு லாமாக்கள் நாள் குறிப்பதில்லை. 1934 நிலநடுக்கத்தில் இடிந்து, கட்டி, 1989-இல் தீயில் எரிந்து, மறுபடியும் கட்டிய அந்த மடாலயத்தையும், அதன் வாசலில் நின்றால் தெரியும் அமா டப்லாம் சிகரத்தையும் பார்த்தோம். அதுவே நிறைவு.

இனி, சர்ச்சைக்குரிய டிங்போச்சே. 4,410 மீட்டர். அங்கு சேர்ந்த மாலையில் சில உறுப்பினர்கள், இன்னும் இரண்டு நாள் நடந்தால் அடிவார முகாம், இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போனால் ஊரில் என்ன சொல்வது என்று என்னிடம் முறையிட்டார்கள். முறையிட்டார்கள் என்பது மரியாதைக்காகப் போட்ட சொல். அன்று இரவே உறுப்பினர் ஒருவருக்குத் தலைவலி முற்றி வாந்தி எடுத்தது. வழிகாட்டி அவரை எழுப்பி, தரைப்பலகையின் கோட்டில் குதிகாலோடு விரல் ஒட்டி நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் சாய்ந்தார். அது மூளையில் நீர் கோக்கும் அறிகுறி. வழிகாட்டி யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. தலைவிளக்குகளை மாட்டிக்கொண்டு, சுமைதூக்கும் தம்பி ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, நோயாளியை இருபுறமும் தாங்கி பாங்போச்சேவுக்கு இறக்கிவிட்டார்கள். விடியும்போது அவர் தேநீர் கேட்டாராம். காலையில் மீதிப்பேரும் இறங்கினோம்.

“அவர் இறங்கட்டும், நாங்கள் ஏன் இறங்க வேண்டும்?” என்று கேட்டவர்களுக்கு அன்று சொன்னதையே இங்கும் பதிவு செய்கிறேன்: இருந்த வழிகாட்டி ஒருவர், அவர் கீழே இருந்தார். வழிகாட்டி இல்லாமல் 5,364 மீட்டரில் இருக்கும் அடிவார முகாமுக்குக் குழுவை அனுப்பும் அதிகாரம் சங்க விதியில் செயலாளருக்கு இல்லை. இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன்.

அந்தச் சுமைதூக்கும் தம்பியைப் பற்றி இரண்டு வார்த்தை. கும்புவில் சுமை தூக்குகிறவர்கள் எல்லோரும் ஷெர்பாக்கள் என்று நினைத்திருந்தோம். நம்முடன் வந்தவர்கள் ராய், தமாங் இனத்தவர்கள். கீழ்ப் பள்ளத்தாக்குகளிலிருந்து பிழைப்புக்கு வருகிறவர்கள். மலையின் உயரம் நம்மைப் படுத்துவதுபோலவே அவர்களையும் படுத்தும். மூங்கில் கூடையான டோகோவில் சுமையை வைத்து, நாம்லோ பட்டையை நெற்றியில் மாட்டித் தூக்குகிறார்கள். இளைப்பாற வேண்டுமென்றால் கூடையை இறக்குவதில்லை. டி வடிவக் குட்டைக் கழியைப் பின்னால் முட்டுக்கொடுத்து, நின்றபடியே மூச்சு வாங்குகிறார்கள். ஒருவருக்கு 30 கிலோதான் வரம்பு, அதாவது நம்மில் இருவரின் பை. காத்மாண்டு விடுதியில் நான் தொங்குதராசு கொண்டு பைகளை எடை போட்டதைக் கேலி செய்தார்கள். ஒரு பையிலிருந்து முறுக்கு டின்னும், இன்னொன்றிலிருந்து இஸ்திரிப் பெட்டியும் வெளியே வந்தன. இஸ்திரிப் பெட்டி காத்மாண்டிலேயே தங்கியது. உரியவர் என்னுடன் இன்னும் பேசுவதில்லை.

சுமைக்கூலியும் அன்பளிப்பும் பயணக் கட்டணத்தில் சேராது, தனியாகத் தர வேண்டும் என்று சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் இருந்தது. லுக்லாவில் கடைசி மாலை, கையில் நேபாள ரூபாய் தீர்ந்துவிட்டது என்று பலர் சொன்னார்கள். அதே மாலை அவர்கள் கம்பளித் தொப்பியும் யாக் மணியும் வாங்கியதைப் பார்த்தேன். சுமைக்காரர்களுக்குத் தர வேண்டியது அன்றே முழுமையாகத் தரப்பட்டது. உறுப்பினர்கள் தர வேண்டியது ஊருக்கு வந்தபின் என்று முடிவாயிற்று. ஊருக்கு வந்து பொங்கலும் போய்விட்டது.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவுக்கும் செலவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இருக்கும் வேறுபாடு செலவின் பக்கம். தணிக்கையாளர் எழுப்பிய ஒரே ஆட்சேபம், ஒரே பெயருள்ள ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு ரசீது ஏன் என்பது. ஷெர்பாக்களில் பிறந்த கிழமையைப் பெயராக வைப்பது பெருவழக்கு. திங்கள் என்றால் தாவா, புதன் என்றால் லாக்பா, வெள்ளி என்றால் பாசாங். பெண்ணுக்கும் ஆணுக்கும் அதே பெயர்தான். வழிகாட்டியும் கும்ஜுங் விடுதி உரிமையாளரும் ஒரே கிழமையில் பிறந்தது சங்கத்தின் பொறுப்பில் வராது என்று விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

உறுப்பினர் சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. பெயர்ப் பட்டியலை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். பட்டியல் என் பையில் இருக்கிறது.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், கூட்ட அரங்கை இலவசமாகத் தந்த நண்பர், சிற்றுண்டி ஏற்பாட்டாளர், புகைப்படங்கள் எடுத்துக் கொடுத்தவர்கள், இன்னும் பெயர் விடுபட்ட அனைவருக்கும் நன்றி. டிங்போச்சேயில் நோயுற்ற உறுப்பினர் தன் பாக்கி முழுவதையும் திரும்பிய வாரமே செலுத்தினார். அவருக்குத் தனி நன்றி.

வரும் ஆண்டில் லங்டாங் பள்ளத்தாக்குக்குப் போகலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. 2015 நிலநடுக்கத்தில் பனியும் பாறையும் சரிந்து புதைந்த லங்டாங் கிராமத்தை மக்கள் சற்று மேலே மீண்டும் கட்டியிருக்கிறார்கள். அங்கேயும் வீடுகளில் தங்கலாம். லுக்லா விமானம் தேவையில்லை, காத்மாண்டிலிருந்து பஸ்ஸிலேயே போகலாம் என்பதால் செலவும் குறையும். ஆனால், பெயரை மட்டும் கொடுக்கும் முறை இனி இல்லை. முன்பணம், சுமைக்கூலிப் பங்கு, ஹெலிகாப்டர் மீட்புக் காப்பீட்டு நகல் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால்தான் பெயர் பதியப்படும்.

இந்த ஏற்பாட்டை யார் நடத்துவது என்பது இன்றைய தேர்தலைப் பொறுத்தது. செயலாளர் பதவிக்கு நான் மீண்டும் நிற்பதாக யாரிடமும் சொல்லவில்லை; நிற்கவில்லை என்றும் சொல்லவில்லை. வேட்புமனுப் படிவங்கள் பொருளாளரிடம் இருக்கின்றன. இந்த அறிக்கையை எழுதி முடிக்கும்வரை ஒன்றுகூடப் போகவில்லை. அதே மேசையில் சந்தா ரசீதுப் புத்தகமும் வைக்கப்பட்டிருக்கிறது. சிற்றுண்டிக்குப் போகும் வழி அந்த மேசையைத் தாண்டித்தான்.

இப்படிக்கு,
செயலாளர்