சீரமைப்புப் பணிக்கும் கருத்துக் கேட்பு வேண்டும்: தோழிக்கு ஒரு கடிதம்

மேடவாக்கம், சென்னை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து நீ மறுபடியும் நடக்கத் தொடங்கியிருப்பதைப் படித்து மகிழ்ந்தேன். நடக்கும் பாதையை ஒட்டிய ஓடைக்கரை மரங்களில் வெட்டுவதற்கான குறி இட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது கவலையளித்தது. இங்கே அனைவரும் நலம்.

நீ கேட்ட கேள்விக்கே வந்துவிடுகிறேன். ஓடையைச் சீரமைப்பதற்காக அமெரிக்காவில் உங்கள் மாவட்ட நிர்வாகம் கொண்டுவரும் திட்டத்துக்கு மாற்றுக் கருத்து எழுதி அனுப்புவது முறையாகுமா, நல்ல வேலைக்குக் குறுக்கே நின்றதாக ஆகிவிடாதா என்று தயங்குகிறாய். தயங்க வேண்டாம், கட்டாயம் எழுது. கட்டுமானத் திட்டங்களைவிடச் சீரமைப்புத் திட்டங்களையே பொதுமக்கள் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும் என்பது சில ஆண்டுகளாகவே என்னுடைய உறுதியான எண்ணம். அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்றால் அக்கம்பக்கத்தார் தாமாகவே விழித்துக்கொள்கிறார்கள். ஏரியைச் சீரமைக்கப்போகிறோம் என்று சொன்னால் எல்லோரும் மகிழ்ந்து வரவேற்கிறார்கள். வரைபடத்தை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை.

உங்கள் மேரிலாந்து மாநிலத்தில் இத்தகைய பணிகள் பெருகியதன் காரணத்தை நீயே எழுதியிருந்தாய். செசபீக் விரிகுடாவில் சேரும் நைட்ரஜன், பாஸ்பரஸ், வண்டல் ஆகியவற்றுக்கு 2010-ஆம் ஆண்டு உச்சவரம்பு விதிக்கப்பட்ட பிறகு, உள்ளாட்சி நிர்வாகங்கள் தத்தம் பங்கைக் குறைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஓடைக் கரையைச் சரிசெய்தால் இவ்வளவு மாசு குறைந்தது என்று கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்கு கரையின் நீளத்தையும் வண்டலின் எடையையும் பார்க்கிறதே தவிர, அங்கே நிற்கும் முதிர்ந்த மரங்களையும், கோடையில் அவை நீருக்குத் தரும் நிழலையும், அந்தக் குளிர்ந்த நீரை நம்பி வாழும் சிற்றுயிர்களையும் பார்ப்பதில்லை. அவற்றை எழுத்தில் பதிவு செய்ய, உன்னைப்போல் அன்றாடம் அங்கே நடப்பவர்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? கரையை அரிப்பது மேட்டுப்பகுதியின் கூரைகளிலிருந்தும் வாகன நிறுத்துமிடங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் பாய்ந்து வரும் மழைநீர்தான் என்று குறிப்பிட்டிருந்தாய். உன் கடிதத்தில் முதற்கேள்வியாக அதையே வை. மேலே நீரைத் தேக்கி மண்ணில் இறக்க வழி செய்யாமல் கீழே கல்லை மட்டும் அடுக்கினால் அது எத்தனை பெருமழைக்குத் தாங்கும் என்று கேள்.

உங்கள் நாட்டுச் சட்டத்தில் எனக்கு மிகவும் மதிப்புள்ள ஒரு விதி உண்டு. 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின் 404-ஆம் பிரிவின்படி, ஓடையிலோ ஈரநிலத்திலோ மண் கொட்டி நிரப்புவதற்கு ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி தேவை. பெரிய பணி என்றால் பொது அறிவிப்பு வெளியிட்டு, வழக்கமாக 15 முதல் 30 நாள்வரை கருத்துகளைப் பெறுகிறார்கள். பாதிப்பை முதலில் தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாததைக் குறைக்க வேண்டும், அதன் பிறகும் எஞ்சுவதை ஈடுசெய்ய வேண்டும் என்ற வரிசையும் அதில் இருக்கிறது. நான் சொல்ல வந்த விதி இதுதான்: நீரோரத்தில் அமைந்தே ஆகவேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு வீடோ கடையோ ஈரநிலத்தில் கட்டப்படுவதாக இருந்தால், அதற்கு வேறு இடம் உண்டு என்றே விதி எடுத்துக்கொள்கிறது, இல்லை என்று நிறுவும் பொறுப்பு விண்ணப்பதாரரைச் சேர்ந்தது. இப்படி ஒரு விதி இங்கே தொடக்கத்திலேயே இருந்திருந்தால் தென்சென்னை வேறு விதமாக வளர்ந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். 2023-இல் சாக்கெட் வழக்கில் உங்கள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஆறுகள், ஏரிகள் போன்றவற்றோடு தொடர்ச்சியான மேற்பரப்பு நீர்த்தொடர்பு இல்லாத ஈரநிலங்களை இந்தச் சட்டத்தின் காப்பிலிருந்து விலக்கிவிட்டது. மேரிலாந்துக்கெனத் தனிச் சட்டம் இருப்பது நல்லதாயிற்று. ஆனால் சீரமைப்புப் பணிகளுக்காகவே 27-ஆம் எண்ணில் நாடளாவிய பொது அனுமதி ஒன்று இருக்கிறது. அதன்கீழ் நடக்கும் ஒவ்வொரு பணிக்கும் தனியாகப் பொது அறிவிப்பு வெளியாவதில்லை. உனக்குத் தகவல் வந்ததே, மாவட்ட நிர்வாகம் தானாக முன்வந்து கூட்டிய கூட்டத்தால்தான் என்று எழுதியிருக்கிறாய். சீரமைப்பு என்று சொன்னவுடன் கேள்விகள் குறைந்துவிடுவது அங்கும் இங்கும் ஒன்றாகவே இருக்கிறது.

இங்குள்ள நிலையைச் சொல்கிறேன். 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அடிப்படை. குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளேட்டிலும் ஒரு வட்டார மொழி நாளேட்டிலும் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி தலைமை வகிக்க வேண்டும். கூட்டம் முழுவதும் காணொளியாகப் பதிவாக வேண்டும். எழுப்பப்பட்ட கேள்விகளின் தொகுப்பை முடிவில் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். 2020-ஆம் ஆண்டு வந்த வரைவு அந்த 30 நாளை 20 நாளாகக் குறைக்க முயன்றபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது உனக்கு நினைவிருக்கும். வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூன் மாத இறுதியில் உத்தரவிட்டது. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத் திட்டங்களுக்காக நடந்த கூட்டங்களில், கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்து மீன்பாடு குறைந்ததை மீனவர்கள் எழுந்து நின்று சொன்னார்கள். அறிக்கை எழுதியவர் வந்துபோன சில நாள்களில் அறிந்துகொள்ள முடியாத செய்தி அது. இந்தக் கூட்டங்களில் குறைகள் பல உண்டு. இருந்தாலும், படகோட்டும் ஒருவர் பேசியது அரசுக் கோப்பில் ஏறுவதற்கு வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எந்தத் திட்டங்களுக்கு இது பொருந்தாது என்பதையும் நீ அறிய வேண்டும். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. ஆனால் குடியிருப்பு, கட்டட, நகரியத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று அதே அறிவிக்கை விலக்கு அளித்திருக்கிறது. சென்னையின் ஈரநிலங்களை விழுங்கியவற்றில் இத்தகைய கட்டடங்களின் பங்கு பெரிது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எடுத்துக்கொள். முன்பு பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்த அது, குப்பைக் கிடங்குக்கும் சாலைகளுக்கும் நிறுவனங்களுக்கும் வீடுகளுக்கும் இடம் கொடுத்துச் சுருங்கிப்போனது. 2022-இல் அதில் 1,247.54 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. காப்புக்காடாக வனத்துறையிடம் இருக்கும் நிலமோ அதைவிடக் குறைவு. இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் இன்று வழக்குகள் நடக்கின்றன. சதுப்பின் எல்லையும் அதன் மீது தாக்கம் ஏற்படுத்தும் சுற்றுப் பரப்பும் அறிவியல் முறையில் உறுதியாகும்வரை, ராம்சார் பகுதியிலும் அதிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி வழங்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025-இல் உத்தரவிட்டது. அதன் பிறகு உயர் நீதிமன்றம்வரை வழக்குகள் சென்றிருக்கின்றன. புல எண்ணோடு கூடிய வரைபடத்தை முதலிலேயே பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்டிருந்தால், வீடு வாங்க முன்பணம் கட்டிய குடும்பங்களும் இன்று இவ்வளவு கலங்க வேண்டியிருக்காது.

கட்டுமானம் பற்றி இவ்வளவு போதும். எனக்கு ஆற்றாமை தருவது சீரமைப்பின் கதைதான். கூவத்தையும் அடையாற்றையும் மீட்கும் திட்டங்களின் பெயரால் கரையோரம் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அகற்றப்பட்டன. அவர்களில் பலர் குடியமர்த்தப்பட்ட பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது தெரியுமா? பள்ளிக்கரணைச் சதுப்பின் தென்பகுதியை ஒட்டி, மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஏரிகளின் மிகைநீர் வந்து சேரும் தாழ்நிலத்தில் இருக்கிறது. அங்கே 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அடுக்கடுக்காக எழுந்தன. அந்த ஏரிகளின் நீரெல்லாம் சதுப்பில் கூடி, ஒக்கியம் மடுவு என்ற ஒரே குறுகிய வாய் வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கோவளம் முகத்துவாரம் நோக்கிச் செல்ல வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பக்கத்து மக்கள் வெள்ளத்தில் சிக்கினார்கள். ஆற்றங்கரை வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி அழைத்துவரப்பட்டவர்களும் அவர்களுள் அடக்கம். அந்தக் குடும்பங்களை முன்கூட்டியே அழைத்து, இரண்டு இடங்களின் வரைபடங்களையும் அவர்கள் முன் விரித்துப் பேசியிருந்தால், இந்த இடத்தை அவர்களே மறுத்திருப்பார்கள்.

ஏரிச் சீரமைப்பிலும் இதுவே நிகழ்கிறது. ஏரி என்பது ஓரத்தில் முழங்கால் ஆழமும் நடுவில் ஆளுயரமுமாகச் சரிந்து செல்லும் நிலம். அந்த ஆழமற்ற ஓரத்தில்தான் சம்பும் கோரையும் வளர்கின்றன, நாமக்கோழியும் தாழைக்கோழியும் கூடு கட்டுகின்றன. ஒரே ஆழத்துக்குத் தோண்டி, தோண்டிய மண்ணைக் கரையில் ஏற்றி, சுற்றிலும் நடைபாதை போட்டு விளக்கும் நட்டால், தண்ணீர் கூடுதலாக நிற்கும். ஆனால் அது ஒரு தொட்டியாகிவிடும். இதற்குச் சுற்றுச்சூழல் அறிவிக்கையில் இடமே இல்லை. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகளில், ஓர் ஈரநிலத்தை அறிவிக்கும் முன் வரைவை வெளியிட்டு 60 நாள் ஆட்சேபம் கேட்க வேண்டும் என்ற நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஆனால் பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் அமைத்த நீர்நிலைகளை அவ்விதிகள் விலக்கிவிடுகின்றன. தமிழ்நாட்டு ஏரிகளில் பெரும்பாலானவை மன்னர்களும் ஊராரும் பாசனத்துக்காகக் கட்டியவை என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த விலக்கு எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

எங்கள் பக்கத்து ஏரி ஒன்றுக்கு, விதி வற்புறுத்தாவிட்டாலும், குடியிருப்போர் நலச் சங்கங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் ஒரு கூட்டம் நடந்தது. நானும் போயிருந்தேன். முன்பு மடை திறந்து வயல்களுக்கு நீர் விடும் பொறுப்பிலிருந்த முதியவர் ஒருவர், சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, மிகைநீர் வழிந்தோடும் இரண்டாவது கலங்கல் எங்கே என்று கேட்டார். சாலை போட்டபோது அது மண்ணுக்குள் போய்விட்டிருக்கிறது. அந்தப் பக்கம் குடிவந்த எங்களில் ஒருவருக்கும் அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. கரையை உயர்த்திவிட்டு ஒரே கலங்கலை வைத்திருந்தால் பெருமழையில் நீர் எந்தத் தெருவுக்குள் இறங்கும் என்பதையும் அவர் கையை நீட்டிக் காட்டினார். இளம் பொறியாளர் மறுப்பேதும் சொல்லாமல் குறித்துக்கொண்டார். திருத்திய வரைபடத்தில் அந்தக் கலங்கல் இடம்பெற்றது. ஓரத்துக் கோரையை விட்டுவைக்க வேண்டும் என்ற எங்கள் கோரிக்கை இடம்பெறவில்லை. அந்த முதியவருக்கு முன்னால் எங்கள் மனுக்களெல்லாம் எளியவை என்று அன்று உணர்ந்தேன். ஊராரே நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்து என்ற பழைய ஏற்பாட்டில் இப்படிப்பட்டவர்கள்தாம் வேலையைத் தீர்மானித்தார்கள். 2017-இல் அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, செலவில் பத்து விழுக்காடு பாசனதாரர் பங்களிப்பாக இருக்க வேண்டும் என்று வகுத்தது. வயலே இல்லாமல் போன புறநகர் ஏரிகளில் பாசனதாரர் என்று யாரும் எஞ்சவில்லை. இங்கே அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டியவர்கள் குடியிருப்பவர்கள்தாம். அதற்கு அவர்களை முறையாக அழைத்துக் கேட்கும் ஒரு விதி வேண்டும்.

உன் கடிதத்துக்கு வருகிறேன். எதிர்க்கிறேன் என்ற சொல்லோடு தொடங்காதே. அவ்வாறு வரும் கடிதங்களை எண்ணிக்கையில் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள் என்பது இங்கே நான் கண்டது. எந்த வளைவில் கரை உண்மையிலேயே இடிந்திருக்கிறது, எந்தப் பகுதி உறுதியாக இருக்கிறது என்று இடம் குறித்து எழுது. உறுதியான பகுதியில் மரம் வெட்டுவதற்கான காரணத்தைக் கேள். இயந்திரங்கள் உள்ளே வர எந்த வழி அமைக்கிறார்கள், நட்ட கன்றுகள் பிழைத்தனவா என்பதை எத்தனை ஆண்டு, யார் கண்காணிப்பார்கள், தவறினால் என்ன செய்வார்கள் என்றும் கேள். இதற்கு முன் அவர்கள் சீரமைத்த வேறோர் ஓடையின் கண்காணிப்பு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படி. அது கையில் இருந்தால் உன் வாதத்துக்கு வலு கூடும். மழைநாளில் நீ எடுத்த படங்களை நாளோடு இணைத்து அனுப்பு.

கருத்து அனுப்பக் கடைசி நாள் நெருங்குகிறது என்று எழுதியிருந்தாய். வரைவை எனக்கு அனுப்பினால் இரண்டு நாளில் படித்துத் திருப்பி அனுப்புகிறேன். அவர்கள் தரும் பதிலையும் மறக்காமல் அனுப்பு. அங்கே கேட்ட கேள்விக்கு எழுத்தில் விளக்கம் தரும் முறை எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்து, அதே வடிவத்தை எங்கள் ஏரியின் அடுத்த கட்டப் பணிக்குக் கோரலாம் என்று சங்கத்தில் பேசி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி